புத்தக அலமாரிக்குப் பின்னால்

மதுபானக் கடைக்குள் நாம் கால் வைத்தோம் என்று சொன்னால், நம்மை அறிந்த நேயர்கள் மூக்கின் மேல் விரலை வைப்பார்கள். ஆனாலும் உண்மையை மறைப்பதற்கில்லை. சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு, மணி ஒன்பதுக்கு, பெங்களூர் நகரத்தில், ஒரு புத்தக அலமாரியைத் தாண்டிக்கொண்டு நாம் ஒரு மதுபானக் கடைக்குள் பிரவேசித்தோம். அங்கே ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அருந்தியது எலுமிச்சம்பழச் சோடா ஒன்றுதான். ஆனால் அன்று தலைக்கு ஏறிய கிறுகிறுப்பு இன்னும் இறங்கியபாடில்லை. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

ரயில் பிரயாணம்

நமது சொந்த ஊர் நெமிலி. முன்னாளில் வட ஆற்காடு ஜில்லா, பிறகு வேலூர் மாவட்டம், 2019-ஆம் வருஷத்திலிருந்து இராணிப்பேட்டை மாவட்டம் என்று சர்க்கார் கடிதங்களில் விலாசம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஊர் மாத்திரம் கொசஸ்தலை ஆற்றங்கரையில் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாலா திரிபுரசுந்தரியின் பீடத்தைத் தரிசிக்க வருகிறவர்கள் அதை அறிவார்கள். மற்றவர்களுக்கு, "அரக்கோணத்துக்குப் பக்கம்" என்று சொன்னால்தான் விளங்கும்.

அரக்கோணத்தில் ரயில் ஏறி மேற்கே போனால், வாலாஜா ரோடு, காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்று ஸ்டேஷன்கள் வரிசையாக வரும். இவற்றில் பல, தோல் தொழிலால் பெயர் பெற்ற பிரதேசத்தைச் சேர்ந்தவை. கண்ணை மூடிக்கொண்டு பிரயாணம் செய்தாலும் ஆம்பூர் வந்துவிட்டதை மூக்கே தெரிவித்துவிடும் என்று நம் பெரியவர்கள் வேடிக்கையாகச் சொல்வார்கள். ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி, ஆவாரம்பட்டையிலும் வேலம்பட்டையிலும் பதமாகி, இங்கிருந்து சீமைக்குக் கப்பலேறின. அந்த வேல மரத்துக்கு உறவான வெள்வேல் என்ற மரம் ஒன்று உண்டு. அதன் பட்டையைப் போட்டுக் காய்ச்சுவதுதான் பட்டைச் சாராயம். ஒரு பட்டை தோலைப் பதப்படுத்திற்று. அதன் உறவுப் பட்டை, தோலைப் பதப்படுத்திய மனிதனைப் பதம் பார்த்தது!

நிற்க. நாம் பெங்களூர் போனது ஒரு கலியாணத்துக்காக. நம் தங்கையின் குமாரன் அங்கே கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் உத்தியோகம் பார்க்கிறான். வயது இருபத்தேழு. நல்ல பிள்ளை; மாதா மாதம் தாயாருக்குப் பணம் அனுப்பத் தவறாதவன். கலியாணச் சாப்பாடு முடிந்த அன்று சாயங்காலம் அவன் நம்மிடம் வந்தான்.

"மாமா, இன்று இரவு உங்களுக்கு ஒரு வேடிக்கை காட்டுகிறேன். வருகிறீர்களா?"

"என்ன வேடிக்கையப்பா?"

"சொல்லக் கூடாது. சொல்லிவிட்டால் வேடிக்கை போய்விடும்."

மெதுவாகப் பேசு!

அவன் நம்மை அழைத்துச் சென்ற இடத்தின் பெயரை இங்கே வெளியிடப் போவதில்லை. பெயர்ப் பலகை இல்லாமையே அந்த ஸ்தலத்தின் விளம்பரம். நாம் பெயரைச் சொல்லிவிட்டால் ஒன்று அவர்களுடைய வியாபாரம் கெடும், அல்லது பெருகும். இரண்டுக்கும் பொறுப்பாளியாக நாம் விரும்பவில்லை.

வீதியிலிருந்து பார்த்தால் சாதாரணமான காப்பிக் கடை. அதைக் கடந்து உள்ளே போனால், கூரை வரையில் உயர்ந்த ஒரு புத்தக அலமாரி. பக்கத்தில் கறுப்பு உடை தரித்த காவல்காரன் ஒருவன் நின்றான். மருமகன் தன் கைபேசியில் வந்திருந்த சங்கேத வார்த்தையை அவன் காதில் மந்திரம் ஓதுவது போல் ஓதினான். காவல்காரன் மூன்றாம் தட்டிலிருந்த ஒரு சிவப்புப் புத்தகத்தைப் பிடித்து இழுத்தான். உடனே அலமாரி முழுவதும் கதவு போலத் திறந்துகொண்டது! அந்தச் சிவப்புப் புத்தகத்தைத் தடவிப் பார்த்தோம். அது புத்தகமே அல்ல, மரக்கட்டை. படிப்பு மனிதனைக் குடியிலிருந்து காப்பாற்றும் என்று மேடைதோறும் கேட்டிருக்கிறோம். புத்தகமே குடிக்கு வழிகாட்டியதை அன்றுதான் கண்டோம்.

உள்ளே மங்கிய வெளிச்சம். பச்சைக் கண்ணாடி போட்ட விளக்குகள். நூறு வருஷத்துக்கு முந்திய நியூயார்க் நகரத்தைப் போல் எல்லாவற்றையும் ஜோடித்திருந்தார்கள். மதுவைக் கலந்து கொடுக்கும் இளைஞர், தோளில் பட்டை வார் மாட்டிய பழைய காலத்துக் கால்சட்டையுடன், கண்ணாடி போன்ற பனிக்கட்டியைக் கத்தியால் செதுக்கிக்கொண்டிருந்தார். யுவர்களும் யுவதிகளும் சிறு மேஜைகளைச் சுற்றி உட்கார்ந்து குசுகுசுவென்று பேசினார்கள். விலைப்பட்டியலைப் பார்த்தோம். ஒரு கிண்ணம் ஆயிரம் ரூபாய்! நெமிலியில் அதைக் கொண்டு ஒரு சிறு குடும்பத்துக்கு ஒரு வாரத்து மளிகைச் சாமான் வாங்கிவிடலாமே என்று நம் மனம் தன் வழக்கப்படி கணக்குப் போட்டது.

"இதற்கு ஸ்பீக்கீஸி என்று பெயர், மாமா. 'மெதுவாகப் பேசு' என்று அர்த்தம். அமெரிக்காவில் மதுவிலக்கு இருந்த காலத்தில், போலீஸார் காதில் விழாமல் குடித்த இடங்களுக்கு அந்தப் பெயர்."

"இங்கே மதுவிலக்கு இல்லையே! லைசென்ஸ் வாங்கித்தானே நடத்துகிறார்கள்?"

"ஆமாம்."

"பின்னே யாருக்குப் பயந்து ஒளிந்திருக்கிறார்கள்?"

"யாருக்கும் பயமில்லை, மாமா. ஒளிந்திருப்பதில் ஒரு குஷி. அவ்வளவுதான்."

இந்தக் குஷியின் பூர்வோத்திரத்தை நேயர்களுக்குச் சிறிது சொல்ல வேண்டும். அமெரிக்கா தேசத்தில் 1920 ஜனவரி 17-ஆம் தேதி மதுவிலக்கு அமுலுக்கு வந்தது. 1933 டிசம்பர் 5-ஆம் தேதி எடுக்கப்பட்டது. ஏறக்குறைய பதினான்கு வருஷ காலம் அந்நாட்டின் பெரிய நகரங்களில் குடி பூமிக்கு அடியில் போய் வாசம் செய்தது. நியூயார்க்கில் 52-ஆவது வீதியில் 'டுவென்டி ஒன்' என்று ஒரு பிரசித்தமான விடுதி இருந்தது. அதன் நிலவறையில் செங்கற்சுவர் போலத் தோன்றும் ஒரு கதவு. எடை இரண்டு டன்னுக்கு மேல். சுவரில் உள்ள ஒரு சிறு துவாரத்தில் நீண்ட கம்பியை நுழைத்தால்தான் அது திறக்கும். போலீஸார் வரும் சமயத்தில், மேலே இருந்த அலமாரித் தட்டுகள் சாய்ந்து, புட்டிகள் யாவும் ஒரு குழாய் வழியாகக் கீழே விழுந்து நொறுங்கிவிட ஏற்பாடு. சட்டத்தைக் காக்க வேண்டிய நகர மேயர் ஜிம்மி வாக்கருக்கே அந்த நிலவறையில் தனி இடம் இருந்தது!

சட்டம் போன பிறகு இந்த மாதிரி இடங்களுக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று. ஆனால் 1999-ஆம் வருஷக் கடைசியில் நியூயார்க்கில் 'மில்க் அண்டு ஹனி' என்ற பெயரில் பலகை இல்லாத மதுக்கடை ஒன்று தோன்றிற்று. 2007-இல் அதே நகரத்தில் இன்னொன்று வந்தது. அதற்குப் போக, ஒரு தின்பண்டக் கடைக்குள் இருக்கும் டெலிபோன் கூண்டில் நுழைய வேண்டும். 'தயவு செய்து சொல்லாதீர்கள்' என்று பொருள்படும்படியாகவே அதற்குப் பெயர் வைத்தார்கள். சொல்லாதே என்றால் உலகம் முழுவதும் சொல்லிவிடும் அல்லவா? இந்த மோஸ்தர் சிங்கப்பூருக்கும் டில்லிக்கும் பம்பாய்க்கும் பரவி, நம் மருமகனுடைய பெங்களூருக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

குளிக்கும் தொட்டி

இதற்குள் மருமகன் கேட்டிருந்த பானம் வந்தது. வந்த பாத்திரத்தைப் பார்த்து நாம் பிரமித்துவிட்டோம். வெள்ளைப் பீங்கானில் செய்த ஒரு சின்னஞ்சிறு குளிக்கும் தொட்டி! அதற்குள் மது, மேலே நுரை, நுரையின் மேல் ஒரு பொம்மை வாத்து.

"அந்தக் காலத்தில் வீட்டிலேயே குளிக்கும் தொட்டியில் திருட்டுத்தனமாக ஜின் தயாரிப்பார்களாம். அதன் ஞாபகார்த்தம்" என்று அவன் சிரித்தான்.

நமக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் முழுவதும் வரவில்லை. ஏனெனில் அந்தத் தொட்டியின் கதையில் வாத்து மட்டும் மிதக்கவில்லை என்பது நமக்குத் தெரியும்.

அமெரிக்காவில் தொழிற்சாலைகளுக்கு வேண்டிய ஸ்பிரிட்டைக் குடிகாரர்கள் குடித்துவிடாதபடி, சர்க்கார் உத்தரவின் பேரில் அதில் விஷச் சரக்குகள் சேர்க்கப்பட்டன. திருட்டு வியாபாரிகள் அந்த ஸ்பிரிட்டையே வாங்கிச் சுத்தம் செய்ததாகப் பெயர் பண்ணி விற்றார்கள். 1926-ஆம் வருஷத்துக் கிறிஸ்துமஸ் சமயத்தில் நியூயார்க் ஆஸ்பத்திரிகளில் பிணங்கள் விழுந்தன. அந்நகரத்தின் தலைமை மரண விசாரணை வைத்தியர் சார்லஸ் நாரிஸ் என்பவர் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். நல்ல சரக்கு வாங்கக் காசுள்ளவன் பிழைத்துக்கொள்கிறான், மட்டச் சரக்கைக் குடிக்கும் ஏழைதான் சாகிறான் என்பது அவருடைய குற்றச்சாட்டின் சாரம்.

1930-இல் நடந்தது இன்னும் பரிதாபம். 'ஜமைக்கா இஞ்சி' என்று மருந்துக் கடைகளில் ஓர் இஞ்சிச் சத்து விற்றார்கள். வயிற்று மருந்து என்று பெயர். உள்ளே இருந்தது பெரும்பாலும் சாராயம். சர்க்கார் பரிசோதனையை ஏய்ப்பதற்காக வியாபாரிகள் அதில் ஒரு ரசாயன எண்ணெயைக் கலந்தார்கள். அதைக் குடித்த ஏழைகள் ஆயிரம் பதினாயிரமாகக் கால் விளங்காமல் போனார்கள். நம் தமிழ்நாட்டிலும் மதுவிலக்குக் காலத்தில் 'ஜிஞ்சர் பெரிஸ்' என்று ஓர் இஞ்சி மருந்து இதே காரியத்துக்கு உபயோகப்பட்டதை வயது முதிர்ந்த நேயர்கள் ஞாபகப்படுத்திக்கொள்வார்கள்.

இவற்றையெல்லாம் மருமகனிடம் சொன்னோம். அவன் தொட்டியைச் சற்றுத் தள்ளி வைத்தான். "மாமா, உங்களுக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?" என்று கேட்டான்.

"நம் வீட்டுக்கும் இந்த மாதிரி ஒரு ரகசியக் கதவு தெரியுமப்பா. அதனால் தேடிப் படித்தேன்."

"எந்த ஊரில்?"

"நெமிலியில்தான்."

வேலியில் தொங்கிய துண்டு

வட ஆற்காட்டுக்கும் மதுவிலக்குக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1921-இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் முன் நின்ற காலத்திலிருந்தே, குடியை ஒழிப்பது சுயராஜ்யத்தின் ஒரு பகுதி என்ற எண்ணம் தமிழ் ஜனங்களிடையே வேரூன்றியிருந்தது. 1929-இல் ராஜாஜி திருச்செங்கோட்டு ஆசிரமத்திலிருந்து, 'கல்கி'யின் துணையோடு, 'விமோசனம்' என்ற பத்திரிகையை இதற்கென்றே நடத்தினார். அவர் பிரதம மந்திரியானதும் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு வந்தது. மறு வருஷம் சித்தூர், கடப்பை ஜில்லாக்கள். அதற்கு மறு வருஷம், 1939 அக்டோபரில், நமது வட ஆற்காடு. அந்த மாதம் முடிவதற்குள் காங்கிரஸ் மந்திரிசபையே ராஜிநாமாச் செய்துவிட்டது. யுத்த காலத்தில் சட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. சுதந்திரம் வந்த பிறகு 1948 அக்டோபர் 2-ஆம் தேதி மாகாணம் முழுவதிலும் அமுலாயிற்று. 1971-இல் எடுத்தார்கள், 1974-க்குள் மறுபடியும் கொண்டுவந்தார்கள், 1981-இல் மீண்டும் எடுத்தார்கள்.

நாம் சொல்ல வந்தது 1976-ஆம் வருஷத்துச் சங்கதி. அப்போது நமக்கு வயது பதினொன்று.

நம் சித்தப்பா இராணிப்பேட்டையில் ஒரு தோல் ஷாப்பில் வேலை செய்தார். வாரம் முழுவதும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்று தோல்களைப் புரட்டும் வேலை. சனிக்கிழமை இரவு கூலியை வாங்கிக்கொண்டு நெமிலிக்கு வருவார். கிணற்றடியில் சீயக்காய் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் குளிப்பார். அந்த வாசனை போகாது. "இந்த நாற்றத்தை மறக்கத்தானடா குடிக்கிறேன்" என்பார். எங்களுக்கு வேர்க்கடலை வாங்கி வராமல் அவர் வந்ததில்லை. கெட்ட மனிதர் அல்ல.

சட்டப்படி அப்போது நாட்டில் குடியே கிடையாது. வசதி உள்ளவர்களுக்கு மாத்திரம் 'பர்மிட்' என்ற காகிதம் இருந்தது. உடம்புக்கு மது அவசியம் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால், சீமைச் சரக்கைச் சட்டப்படியே வாங்கிக் குடிக்கலாம். அது ஏழைக்கு ஏது? அவனுக்கு ஆற்றங்கரைக் கள்ளி வேலியில் ஒரு சந்து இருந்தது. வேலியின் மேல் ஈரத்துண்டு தொங்கினால் சரக்கு உண்டு. தொங்காவிட்டால் போலீஸ் நடமாட்டம் என்று அர்த்தம். பெங்களூரில் கைபேசிக்கு வந்த சங்கேத வார்த்தையின் வேலையை, நெமிலியில் அந்தத் துண்டு செய்தது.

துண்டு தொங்குகிறதா என்று பார்த்து வரும்படி சித்தப்பா நம்மைத்தான் அனுப்புவார். பத்துப் பைசா கிடைக்கும். அன்றும் போனோம். துண்டு தொங்கிற்று. ஓடி வந்து சொன்னோம். பத்துப் பைசாவை வாங்கிக்கொண்டோம்.

அன்று வேலிச் சந்தில் விற்றது பட்டைச் சாராயம்கூட அல்ல. மரச்சாமான்களுக்கு மெருகு போடும் வார்னிஷ் ஸ்பிரிட்டிலிருந்து தயாரித்த சரக்கு. மறுநாள் காலையில், வெயில் முற்றத்தில் முழங்கால் உயரத்துக்கு ஏறிய பிறகு, சித்தப்பா பாயில் எழுந்து உட்கார்ந்தார். "என்னடி, இன்னும் விடியவில்லையா? விளக்கை ஏற்றக் கூடாதா?" என்று சித்தியைக் கேட்டார்.

சித்தி கையிலிருந்த முறத்தைக் கீழே போட்ட சப்தம் இன்றைக்கும் நம் காதில் இருக்கிறது.

அன்று அந்தச் சந்துக்குப் போனவர்களில் இருவர் மாண்டனர். சித்தப்பா உயிர் பிழைத்தார், கண் பிழைக்கவில்லை. அதன் பிறகு பத்தொன்பது வருஷம் அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சித்தி நாற்று நட்டும், நெல் குத்தியும், பிற்காலத்தில் செருப்புக் கம்பெனியில் தோல் தைத்தும் மூன்று பெண்களைக் கரையேற்றினார்.

மருமகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு படத்தில் இருக்கிறாரே, அந்தத் தாத்தாவா? சர்க்கரை வியாதியால் கண் போயிற்று என்றல்லவா அம்மா சொன்னாள்!" என்றான்.

ஆம், அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம். படித்த குடும்பம், பெண்களுக்குக் கலியாணம் ஆக வேண்டும், நாலு பேர் காதில் விழக் கூடாது என்று எல்லோருமாகச் சேர்ந்து மறைத்தோம். மெதுவாகப் பேசு என்பது நம் வீட்டுச் சட்டமும் ஆயிற்று.

விஷம் செய்யும் வேலை

இந்த விஷத்தின் பெயர் மெதனால். நல்ல சாராயத்தைப் போலவே தண்ணீராகத் தெளிந்திருக்கும். நிறத்தாலும் ருசியாலும் குடிகாரன் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. வயிற்றில் விழுந்தவுடன் அது கொல்வதும் இல்லை. கல்லீரல் அதை மெல்ல மெல்ல மாற்றி, ஃபார்மிக் அமிலம் என்ற கொடிய பொருளாக்குகிறது. அதற்குப் பல மணி நேரம் ஆகும். ஆகையால்தான் குடித்தவன் நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு பார்வை மங்குகிறது. அந்த அமிலம் முதலில் தாக்குவது கண்ணின் நரம்பை. பத்து மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி, ஒருவனைக் குருடாக்கப் போதும் என்கிறார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மாற்று மருந்தும், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் சிகிச்சையும் உண்டு. ஆனால் திருட்டுத்தனமாகக் குடித்தவன் உடனே ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. போலீஸுக்குப் பயந்து, மானத்துக்குப் பயந்து, மோரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறான். விஷத்தோடு ரகசியமும் சேர்ந்துதான் கொல்லுகிறது.

இது பழங்கதை என்று நேயர்கள் எண்ண வேண்டாம். 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கற்பட்டுப் பக்கங்களில் இருபதுக்கும் மேற்பட்டோர் இதே மெதனாலுக்குப் பலியானார்கள். 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சியில், கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும், அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் அன்றாடக் கூலிக்காரர்கள். அவர்களில் பெண்களும் உண்டு.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. 1976-இல் கடை மூடியிருந்தது. ஆகையால் சித்தப்பா வேலிச் சந்துக்குப் போனார் என்று சொல்லலாம். 2024-இல் கடை மூடியிருக்கவில்லையே! 2003-ஆம் வருஷத்திலிருந்து சர்க்காரின் டாஸ்மாக் ஸ்தாபனமே ஊர்தோறும் மதுவைச் சில்லறையாக விற்று வருகிறது. 2023-24-ஆம் நிதி வருஷத்தில் அதனால் சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ராஜாஜி மதுவருமானம் போன பள்ளத்தை நிரப்ப 1939-இல் விற்பனை வரி என்று ஒன்றைக் கொண்டுவந்தார். இன்று விற்பனை வரியின் வாரிசும் இருக்கிறது; மதுவருமானமும் இருக்கிறது. கடை விசாலமாகத் திறந்திருந்தும் கருணாபுரத்து ஏழை ரகசியக் கதவைத் தேடிப் போனதற்குக் காரணம் விலை. அரசுக் கடைக் கால் புட்டியைவிடப் பிளாஸ்டிக் உறைச் சாராயம் மிகவும் மலிவு. ஆயிரம் ரூபாய் கொடுப்பவனுக்குக் கதவுக்குப் பின்னால் வாத்து மிதக்கிறது. ஐம்பது அறுபது ரூபாய் கொடுப்பவனுக்குக் கதவுக்குப் பின்னால் யமன் நிற்கிறான்.

சித்தி சொன்னது

இரண்டு வாரம் கழித்து மருமகன் நெமிலிக்கு வந்தான். சித்தி இன்னும் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. திண்ணையில் அதே இடத்தில் அவர் உட்கார்ந்து, முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மருமகன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒளிவுமறைவின்றிக் கேட்டான்.

"பாட்டி, தாத்தாவுக்குக் கண் எப்படிப் போயிற்று?"

சித்தி நம்மை ஒரு பார்வை பார்த்தார். "சொல்லிவிட்டாயா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு சுமையை இறக்கி வைத்தவர் போலச் சொன்னார். பிறகு கீரையை ஆய்ந்துகொண்டே முழுக் கதையையும் அவனுக்குச் சொன்னார். நமக்குத் தெரியாத பல விஷயங்களும் அதில் இருந்தன. அந்த வாரத்துக் கூலியில் பாதி அன்று இரவே செலவழிந்துவிட்டது; வைத்தியத்துக்குத் தாலிப் பொட்டை அடகு வைத்தார்; அதை மீட்க ஆறு வருஷம் ஆயிற்று.

கடைசியில் மருமகன், "பாட்டி, அப்படியானால் கடைகளை மூடிவிட வேண்டியதுதானே?" என்று கேட்டான்.

"மூடினபோது வேலிக்குப் போனார்கள். திறந்தபோது கடைக்குப் போகிறார்கள். சனிக்கிழமைக் கூலி மட்டும் இரண்டு நாளிலும் வீட்டுக்கு வரவில்லை. அதைக் கேட்க எனக்கு அப்போது வாய் இல்லை. நீங்களாவது கேளுங்கள்" என்றார் சித்தி.

ஐம்பது வருஷமாக நம் மனத்தில் இருந்ததை அன்றுதான் நாமும் சொன்னோம். துண்டு தொங்குகிறது என்று ஓடி வந்து சொன்னது நாம்தானே என்றோம். சித்தி கீரைக் கட்டைக் கீழே வைத்தார்.

"அட பைத்தியமே! நீ இல்லை என்று சொல்லியிருந்தால் பனப்பாக்கத்துக்கு நடந்து போயிருப்பார். இதையா இத்தனை நாளாக வைத்துக்கொண்டிருந்தாய்? அப்போதே என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார்.

நமக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

மதுவைத் தடுக்கச் சட்டம் வேண்டும் என்பாரும், சட்டத்தால் ஆகாது என்பாரும் தத்தம் கட்சியைச் சொல்லிக்கொண்டிருக்கட்டும். இரண்டிலும் நியாயம் உண்டு. நாம் சொல்ல விரும்புவது அதைவிடச் சிறிய விஷயம். பெங்களூரில் அந்தக் கதவைத் திறந்து உள்ளே போகிற பிள்ளைகள் கெட்ட பிள்ளைகள் அல்ல. ரகசியக் கதவு என்றால் அவர்களுக்கு வேடிக்கையாக இருக்கிறது. ஏனெனில் அதன் மறுபக்கத்தை நாம் அவர்களுக்குச் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் கறுப்புக் கண்ணாடி போட்ட படம் ஒன்று மாட்டியிருக்கிறது. சர்க்கரை வியாதி, மாரடைப்பு, வயிற்றுவலி என்று அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயர்தான் நாம் கதவுக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கும் புத்தக அலமாரி. அதிலுள்ள புத்தகங்கள் மரக்கட்டைகள்.

மருமகன் புறப்படும்போது சித்தியிடம் அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பெங்களூரில் தன் அறையில் மாட்டி வைக்கப் போகிறானாம். யாராவது கேட்டால் என்ன சொல்வாய் என்று சித்தி கேட்டார்.

"நடந்ததைச் சொல்வேன், பாட்டி" என்றான்.

"சொல்லு. மெதுவாகச் சொல்ல வேண்டாம்" என்றார் சித்தி.